பின்பலகையில் ஒரு குறை

படகுப் பட்டறையில் அவருக்குப் பெயர் பல்டாக்டர். கிளினிக்கை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. போர்டைக் கழற்றி, சாய்வு நாற்காலியை வேறொரு டாக்டருக்குத் தள்ளிவிட்டு, சுவரில் தொங்கிய பல்வரிசைப் படத்தைக்கூடக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். என்ன பிரயோஜனம்? முதல் நாள் காலையிலேயே பக்கத்தில் நின்ற ஆள் வாயை ஆவென்று திறந்து, கடைவாயைக் காட்டி, இதைப் பிடுங்கணுமா இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டார். இவரும் பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்துவிட்டார். பிறகு அந்தப் பெயர் எப்படிப் போகும்?

வாயைத் திறந்தவர் பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருஷம் விசில் ஊதிவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்கியது. மூன்றாவது ஆள் ஒரு வக்கீலம்மா. கோர்ட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், மரம் வாய்தா கேட்பதில்லை என்பார். மூன்று பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பத்து மாதம் அந்த ஏரிக்கரைத் தகரக் கொட்டகையில் மரத்தூளைத் தின்று, ஆளுக்கொரு பதினாலடிப் படகைக் கட்டி முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சொல்லிக்கொடுப்பவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். தன் அப்பா வயதுக்காரர்கள் தப்புச் செய்தால் அவள் திட்டமாட்டாள். அந்தப் பலகையைக் கையில் எடுத்து இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டே நிற்பாள். அதற்குத் திட்டினாலே தேவலை.

பல்டாக்டருக்கு அந்தச் சங்கடம் அதிகம் வரவில்லை. கை அப்படி. முந்தைய தொழிலில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். பலகை ஒரு நூல் பிசகினாலும் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவார். படகின் உள்ளே விலா எலும்பு போல வளைந்து நிற்கும் விலாக்கட்டைக்குப் பின்னால் செம்பு ஆணி சரியாக மடங்கியிருக்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டிருக்கும்போது, இவர் சட்டைப்பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியை எடுப்பார். மேஸ்திரியே அதை இரவல் வாங்கிக்கொண்டு போவாள். கொட்டகையில் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவருக்குத் தன்னைப் பிடிக்காமல் போனது அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்தவள் அவர் மனைவி ஒருத்திதான். கிளினிக்கின் முன்மேஜை அவளுடையது. இருபத்து மூன்று வருஷம், வருகிறவர்களை உட்காரவைத்து, உள்ளே அனுப்பி, அவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பதையெல்லாம் கார்டில் எழுதியவள். குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கதவைச் சாத்தப்போகிற நேரத்தில், பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். மறுநாள் வெளியூர்ப் பயணம், திரும்பி வரப் பல நாள் ஆகும் என்றார். கீழ்க் கடைவாய். இவர் பல்லைக் குடைந்து திறந்தார். சீழ் வந்தது. "சீழ்" என்று குரல் கொடுத்தார். முன்மேஜையில் அவள் எழுதிக்கொண்டாள். அப்படி இருந்தால் அடைக்கக் கூடாது. திறந்தே விட்டு, வடியவைத்து, மருந்து கொடுத்து, மறுபடி வரச் சொல்ல வேண்டும். படிக்கப்போன காலத்தில் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் அந்த அம்மா கெஞ்சினார். போகிற ஊரில் யாரைத் தேடுவேன், இந்த ஓட்டையோடு எப்படிச் சாப்பிடுவேன் என்றார். இவருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். அதையெல்லாம்விட, திறந்து கிடக்கும் ஓட்டையை அப்படியே விட்டு அனுப்புவது அவர் கைக்கு ஆகாத காரியம். சுத்தம் செய்தார், அடைத்தார், மேலே தேய்த்து மினுக்கினார். கச்சிதமான வேலை. வலி நின்றது.

பதினோராவது நாள் அந்த அம்மா போன ஊரின் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கழுத்து வீங்கி மூச்சை அடைத்துவிட்டதாம். உடம்பில் சர்க்கரையும் இருந்ததால் பழி அதன் மேல் போயிற்று. பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவருடைய கணவர் கிளினிக்குக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் பரவாயில்லை, நன்றி சொல்ல வந்தார். "நீங்க அன்னிக்குப் பார்த்ததுலதான் டாக்டர், ரெண்டு நாளாவது வலி இல்லாம தூங்கினா" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும், பல்டாக்டர் மனைவியிடம் அந்தக் கார்டை வேறொன்றாக எழுதச் சொன்னார், சீழ் என்ற வார்த்தை இல்லாமல். அவள் எழுதினாள். பழையதை இவர் கிழித்தார்.

வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் சில வாரம் கழித்து, சாப்பிடும்போது ஏதோ பேச்சுக்கு அவள் வாய்விட்டுச் சிரிக்க, மேல்வரிசையில் ஒரு புது அடைப்பு தெரிந்தது. அது இவர் கை வேலை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயை இவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. வேறு டாக்டரிடம் போயிருக்கிறாள், அதுவும் சொல்லாமல். இவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். அந்த வாரமே போர்டைக் கழற்றினார்.

ஊருக்குச் சொன்ன காரணம், வாயைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்பது. உள்ளே இருந்த கணக்கு வேறு. ஒரு படகு கட்ட வேண்டும், அதில் அவளை உட்காரவைக்க வேண்டும். அவளுக்கு நீச்சல் தெரியாது. கணுக்கால் தண்ணீரில் கால் வைக்கச் சொன்னாலே பின்வாங்குகிறவள். அப்படிப்பட்டவள் இவர் கை செய்த ஒன்றை நம்பி ஒரே ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று நினைத்தார். எட்டு மாதம் விடாமல் கேட்டதில் ஒரு நாள் அவள் சரி என்றாள்.

"வரேன். ஆனா உள்ள ஒரு சொட்டு தண்ணி தெரிஞ்சாலும் நான் ஏறமாட்டேன்."

அந்த ஒரு சொட்டில்தான் எல்லாம் கெட்டது.

மரப்படகைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பலகைகளை ஒன்றோடொன்று விளிம்பு சேர்த்து விலாக்கட்டைகளில் அறைவார்கள். இரண்டு பலகைக்கு நடுவில் வேண்டுமென்றே மெல்லிய இடுக்கு விடுவார்கள். அந்த இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்துத் தட்டி, மேலே விரலால் அமுக்கினால் குழிகிற மாதிரி மென்மையான மக்கைப் பூசுவார்கள். அவ்வளவுதான். இந்தப் பாடம் நடந்த அன்று பல்டாக்டர் அந்த இடுக்குகளை முறைத்துக்கொண்டே நின்றார். இருபத்து மூன்று வருஷம் இடுக்குகளோடு மல்லுக்கட்டியவருக்கு, காசு கொடுத்து வந்து இடுக்கு வைக்கக் கற்றுக்கொள்வது பொறுக்கவில்லை. ஒழுகாமல் கட்டவே முடியாதா என்று கேட்டார்.

மேஸ்திரி சொன்னாள்: "மரம் காஞ்சிருக்கு, டாக்டர் சார். தண்ணில இறங்கினதும் குடிக்கும், ஊதும். ஊதறதுக்கு இடம் வேணும். பஞ்சு நசுங்கி இடம் குடுக்கும், மக்கு பிதுங்கி வெளிய வந்துடும். மூணு நாள் ஒழுகும், நாலாவது நாள் தானா நின்னுடும். கல்லு மாதிரி அடைச்சு வச்சீங்கன்னா, மரம் ஊதி எங்க போகும்? விலாவ உடைச்சுக்கிட்டுத்தான் போகும்."

கண்டக்டர் இதைக் கேட்டுப் பெரிதாகத் தலையாட்டினார். பஸ்ஸில் நிற்பவர்கள் கதைதான், கொஞ்சம் இடம் விட்டு ஏற்றினால்தான் எல்லோரும் போய்ச் சேரலாம் என்றார். வக்கீலம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். பல்டாக்டர் கேட்டார், புரிந்துகொண்டார், நம்பவில்லை. நாலாவது நாள் நிற்காவிட்டால்? ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் மனைவி வருகிறாள். அடியில் ஒரு விரல்கடை தண்ணீர் நின்றாலும் அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவாள். மேஸ்திரி சொல்வதெல்லாம் சாதாரணக் கைக்காரர்களுக்கு, அளவு சுத்தமாக வந்திருக்கும் படகுக்கு அது பொருந்தாது என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். கெட்டிக்காரர்களுக்கு இந்த மாதிரிச் சமாதானங்கள் சீக்கிரம் கிடைத்துவிடும்.

மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவார்கள். இவர் பசி இல்லை என்று சொல்லிவிட்டுக் கொட்டகையிலேயே தங்கினார். வீட்டில் பட்டினி போடுகிறார்களா என்று கண்டக்டர் கேலி செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு டப்பாவில் வருகிற பசையை ஓட்டுத்துண்டில் கலப்பார். கலந்த அரை மணியில் அது கல்லாகிவிடும். அதைத் தன் பழைய ஊசிக்குழலில் ஏற்றி, படகின் அடிப்பக்கத்து இடுக்குகளில் ஒன்றுவிடாமல் செலுத்தினார். பஞ்சு அதிலேயே ஊறிக் கெட்டியானது. மேலே பேருக்குக் கொஞ்சம் மக்கு, அதற்கு மேல் மற்றவர்கள் அடித்த அதே சிவப்பு வர்ணம். ஐந்து மத்தியானம். அந்த ஐந்து நாளும் அவர் மனசு லேசாக இருந்தது. வீட்டில் சீட்டியடித்துக்கொண்டு குளித்தார். மனைவி அதைக் கேட்டு, சமையலறையில் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றாள் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால், கட்டியவர் தன் படகில் தனக்குத் தெரிந்த குறைகளைப் பின்பலகையின் உட்பக்கம் பென்சிலால் எழுத வேண்டும். பிற்பாடு அந்தப் படகைப் பழுது பார்க்கிறவன் இருட்டில் தடவக் கூடாது என்பதற்காக மேஸ்திரி கொண்டுவந்த வழக்கம். குறை பிற்பாடு தெரியவந்தாலும் எழுதலாம். அதற்காக அங்கேயே ஒரு ஆணியில், நூல் கட்டி, ஒரு தட்டைப் பென்சில் தொங்கும். கண்டக்டர் ஏழு குறை எழுதினார். மூன்றாவது பலகையில் சுத்தி வழுக்கிய தழும்பைக்கூட விடவில்லை. வக்கீலம்மா எழுதியது பலகையில் பாதியை அடைத்தது. பல்டாக்டர் வெகுநேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறையே இல்லை என்று எழுதினால் சந்தேகம் வரும். கடைசியில் ஒரு வரி எழுதினார்: வலப்பக்கத் துடுப்புக் கொக்கி கால் அங்குலம் உயரம்.

மேஸ்திரி அதைப் படித்தாள். "வேற எதாவது இருக்கா, டாக்டர் சார்?" என்றாள். இல்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை மூன்று படகும் தண்ணீரில் இறங்கின. கண்டக்டர் படகு இறங்கிய கால் மணியிலேயே வாளி வாளியாகக் குடித்தது. அவர் உள்ளே உட்கார்ந்து இறைத்துக்கொண்டே, இறங்குறவங்க எல்லாம் இறங்குங்க என்று கூவினார். வக்கீலம்மா படகும் அப்படியே. பல்டாக்டரின் படகில் அடிப்பலகை காகிதம் போலக் காய்ந்திருந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கண்டக்டர், இதென்ன டாக்டரே, உங்க படகு மட்டும் விரதமா என்று கேட்டார். மேஸ்திரி கைதட்டவில்லை. படகுக்குள் இறங்கி, விரல் முட்டியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனாள்.

"ஏன் குடிக்கல?" என்றாள்.

அளவு சரியாக வந்திருக்கும் என்றார் இவர். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் சொன்னவர் தன் தகப்பனார் வயதுக்காரர், டாக்டர், வகுப்பிலேயே கெட்டிக்காரர். அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

புதன்கிழமை காலை அவர் துறையில் கட்டியிருந்த படகில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, காலுக்குக் கீழே டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பக்கத்தில் இருந்த இரண்டு படகுகளும் தண்ணீரில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன, அவற்றில் சத்தம் இல்லை. புது மரம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மத்தியானத்துக்குள் பதினாலு தடவை கேட்டது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினார்.

வியாழக்கிழமை அந்த வட்டக் கண்ணாடியை விலாக்கட்டைகளுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். நாலாவது விலாவின் முதுகில், ஆணியிலிருந்து ஆணிக்கு, மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியது. கண்ணாடியை நகர்த்தினார். ஐந்தாவதிலும் இருந்தது. அதைப் பார்த்த நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பலகைகள் ஊதுகின்றன, போக இடமில்லை. உள்ளே ஒன்று வீங்கிக்கொண்டிருக்கிறது, வெளியே எல்லாம் மினுமினுவென்று இருக்கிறது. அப்போதே எழுந்து போய் மேஸ்திரியிடம் சொல்லியிருந்தால், படகைக் கரையேற்றி, இடுக்குகளைச் செதுக்கி, விலாவை மாற்றி, இரண்டு மாதத்தில் முடிந்துபோயிருக்கும் விஷயம். இரண்டு மாதம். மனைவி அதற்குள் மனசு மாறிவிட்டால்? வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த விரிசல்களிலும் பசையைத் தடவி, மேலே வர்ணம் அடித்தார். நல்லவர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்தான். அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் போல இருக்கிறது.

அன்று சாயங்காலமே கண்டக்டர் படகில் ஒழுகல் நின்றுவிட்டது. வக்கீலம்மாவுடையதும் நின்றுவிட்டது. மேஸ்திரி சொன்ன நாள் தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் துறையின் ஓரத்தில் நின்று படகுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டு இல்லை. குனிந்து கைக்குட்டையால் ஒரு மூலையைத் துடைத்துக்கூடப் பார்த்தாள். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டுமே, ஏறினாள். மேஸ்திரி தானே இறங்கி வந்து அவளுக்கு லைஃப் ஜாக்கெட்டின் மூன்று பட்டைகளையும் இறுக்கிக் கட்டினாள். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போங்கள், கரையோரமாகவே போங்கள் என்று பல்டாக்டரிடம் சொன்னாள். பிறகு அவர் மனைவி பக்கம் திரும்பி, "மரப்படகு நிறைஞ்சாலும் முழுகாதுங்க. எது நடந்தாலும் அத விட்டுடாதீங்க, பிடிச்சுக்குங்க" என்றாள். பல்டாக்டருக்குச் சுருக்கென்றது. என்ன நடக்கப்போகிறது என்று சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டார்.

துடுப்புப் போடுகிறவரும் பின்னிருக்கையில் இருப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் உட்கார வேண்டும். வேறு வழியில்லை. முதல் பத்து நிமிஷம் அவள் இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்தபடி, மூச்சைக்கூட அளந்து விட்டாள். பிறகு ஒரு கையை எடுத்தாள். பிறகு இன்னொன்றை. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஏரியையே சுற்றி வந்திருப்பார். கரையோரம் என்பது மறந்துபோயிற்று. நடு ஏரிக்கு விட்டார். வெயில் தண்ணீரில் பரவியிருந்தது. கொட்டகை தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

அவள் பின்பக்கம் திரும்பி, பலகையில் தொங்கிய பென்சிலைப் பார்த்து அது எதற்கு என்று கேட்டாள். அவர் வழக்கத்தைச் சொன்னார். குனிந்து அவர் எழுதியிருந்ததைப் படித்தாள். இருபத்து மூன்று வருஷம் அவர் சொன்னதை எழுதியவள், அவர் கையெழுத்தில் அவர் எழுதியதைப் படித்தாள்.

"இவ்வளவுதானா?"

ஆமாம் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, காலுக்கடியில் டிக்கென்றது. அவள் தலையைத் தூக்கினாள். அவர் துடுப்பு பாதியில் நின்றது. இன்னொரு முறை கேட்டது, இம்முறை உரத்து. அவள் அடியில் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறாள், அந்த அம்மாவின் கணவர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிய அன்று.

"என்னத்த மூடி வச்சிருக்கீங்க?" என்றாள்.

அவர் படகைக் கரைப்பக்கம் திருப்பித் துடுப்பு வலித்தார். வலிக்க வலிக்கச் சத்தம் வேகமாகக் கேட்டது. அப்புறம் சட்டென்று ஓய்ந்தது. அந்த ஓய்வு துடுப்பை இரண்டு தடவை வலிக்கிற வரைக்கும் இருந்தது. மூன்றாவது தடவையில் பட்டென்று ஒரு சத்தம், வலப்பக்கத்துப் பலகை ஒன்று ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு வாயைப் பிளந்தது. தண்ணீர் உள்ளே கொட்டியது. அவள் கத்தவில்லை. கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டாள். தண்ணீர் ஏறி வந்ததும் கால்களை இறக்கிவிட்டு, கிடந்த வாளியை எடுத்து இறைக்கத் தொடங்கினாள். இறைத்துக்கொண்டே அவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் வலித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பசை, ஊசிக்குழல், ஐந்து மத்தியானம், வியாழக்கிழமை பார்த்த விரிசல். மூச்சு வாங்க, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

கரையிலிருந்து விசில் கேட்டது. கண்டக்டர் அதை வாயில் வைத்துக்கொண்டே துடுப்புப் போட்டு வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது தண்ணீர் இருக்கைக்கு ஏறிவிட்டது. படகின் விளிம்பு மட்டும்தான் மேலே தெரிந்தது. மேஸ்திரி சொன்னபடி அது நிறைந்ததே தவிர முழுகவில்லை. அவளை இழுத்துத் தன் படகில் போட்டார் கண்டக்டர். ஏழு குறை எழுதியிருந்த அந்தப் படகின் அடியில் தண்ணீர் இல்லை. அவள் அதில் விழுந்து கிடந்து இருமினாள். பல்டாக்டர் தன் படகைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே வந்தார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தூரம் முழுக்க, நடுவில் அவள் ஜாக்கெட் இல்லாமல் இருந்திருந்தால், கண்டக்டர் இன்று வராமல் இருந்திருந்தால் என்று அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் படகு தரைதட்டி நின்றது. மேஸ்திரி இறங்கி வந்து பிளந்த பலகையின் விளிம்பைத் தடவினாள். கல்லாகிப்போன பசை நீளக் கம்பியாக அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலாவது விலாவைத் தொட்டாள், அது கையோடு வந்தது. அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவளாலும் அன்று இரண்டு நிமிஷத்தோடு நிறுத்த முடியவில்லை. "நான் செவ்வாக்கிழமையே படகத் தூக்கிப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரைக்குப் போனாள்.

பல்டாக்டர் அங்கேயே நின்றார். கரையில் வக்கீலம்மா கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். பற்கள் கிடுகிடுத்தன. வீட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். அவள் எழுந்தாள். துண்டைக் கீழே போட்டாள். தண்ணீருக்குள் இறங்கினாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. யார் கையையும் பிடிக்காமல் படகின் பின்பக்கத்துக்கு வந்து, பலகையில் தொங்கிய பென்சிலை நூலோடு இழுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"உங்களுக்காக நான் ஒரு தடவ மாத்தி எழுதினேன். அந்தக் கை இன்னும் என்கிட்டதான் இருக்கு, தினமும் பாக்கறேன். இனிமே நீங்களே எழுதுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். பின்பலகை மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது. ஈர மரத்தில் பென்சில் வழுக்கியது, அழுத்தி எழுத வேண்டியிருந்தது. அடிப்பக்கத்து இடுக்குகளைக் கல்லாக அடைத்தேன், கூடாது என்று தெரிந்தே அடைத்தேன், நாலாவது ஐந்தாவது விலாக்கள் வெடித்ததைப் பார்த்து மறைத்தேன் என்று எழுதினார். எழுதி முடித்துப் பென்சிலை ஆணியில் மாட்டப் போனார். அவள் நகரவில்லை.

"அந்த அம்மாவையும் எழுதுங்க" என்றாள்.

பலகையில் இன்னும் இடம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் என்று தொடங்கி, அந்த அம்மாவின் பெயரை எழுதினார்.